பதினொரு மாதப் பரித்தியாகம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அறிவித்தல் வாசிக்கிற நேரத்தில் எங்கள் பங்கின் மாதர் குழுத் தலைவி மைக்கைப் பிடித்து என்னைப் பற்றி நாலு வார்த்தை பேசினாராம். நான் அன்று பூசைக்குப் போகவில்லை. கதிர்ச் சிகிச்சை கொடுத்த இடத்தில் தோல் கறுத்து உரிந்து, உடுப்புப் பட்டாலே எரிந்ததால் வீட்டில் கிடந்தேன். என் புருஷன், இவர்தான் வந்து சொன்னார். தன் நோயை ஒருவருக்கும் காட்டாமல், ஒரு முணுமுணுப்பும் இல்லாமல், சிறையில் கிடக்கிற ஒரு பிள்ளைக்காக ஒப்புக்கொடுத்த மூத்த சகோதரி நம்மிடையே இருக்கிறார், முதுமையில் செபமும் சேவையும் எப்படி ஒன்றாகப் போகலாம் என்பதற்கு அவரே சாட்சி என்றாராம். சனம் கை தட்டினதாம்.

கேட்ட கோபத்தில் படுக்கையை விட்டு எழும்பிவிட்டேன். அந்தக் கோபம் ஆறுவதற்கு முன்னால் இதை எழுதுகிறேன். வெட்டினது இடது பக்கம், எழுதுவது வலது கை. ஆகவே சாக்குச் சொல்ல வழியில்லை. கொட்டாஞ்சேனையில் என் வயதுப் பெண்கள் எத்தனையோ பேர் காலைப் பூசைக்கு வருகிறார்கள். அவர்களில் ஒருத்தி சட்டைக்குள் ஒரு கட்டியை வைத்துக்கொண்டு, பிலோமினா அக்காவைப் போல நானும் ஒப்புக்கொடுக்கிறேன் என்று இருந்துவிடக் கூடாது. நடந்தது என்னவென்று முழுவதும் தெரிந்தால் ஒருவரும் கை தட்டமாட்டார்கள்.

நான் தொலைபேசி எக்சேஞ்சில் முப்பத்திரண்டு வருடம் ட்ரங்கோல், அதாவது வெளியூர்க் கோல், போட்டுக் கொடுத்தவள். தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றும் ஒரே வேகத்தில் வாயில் வரும். பென்சன் எடுத்த வருடம் பங்கில் வயது போனவர்களுக்கென்று மூன்று நாள் தியானம் வைத்தார்கள். தியானம் கொடுக்க வந்த குருவானவர், ஆண்டவர் உங்களுக்கு இப்போது நேரத்தைத் தந்திருக்கிறார், பாதியை அவர் முன்னால் சும்மா இருந்து செலவழியுங்கள், மற்றப் பாதியைக் கஷ்டப்படுகிறவர்களின் பக்கத்தில் போய் இருந்து செலவழியுங்கள் என்றார். எனக்கு அது பிடித்துக்கொண்டது. ஆறு மணிப் பூசை, பிறகு நற்கருணைக்கு முன்னால் ஒரு மணித்தியாலம், பிறகு வீட்டுக்கு வந்து இவருக்குப் பாணும் சம்பலும். அதற்குப் பிறகு கஷ்டப்படுகிறவர்களைத் தேடிப் போக வேண்டிய தேவையே இருக்கவில்லை. யுத்தம் அவர்களை எங்கள் ஒழுங்கைக்கே கொண்டுவந்து விட்டிருந்தது.

அந்த நாட்களில் வெளிநாடு போகவென்று வடக்கிலிருந்து வந்த பிள்ளைகள் இங்குள்ள லொட்ஜுகளில் தங்குவார்கள். சுற்றிவளைப்பு நடக்கும். பொலிஸ் பதிவுத் துண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொண்டுபோவார்கள். பின்னால் தாய்மார் வந்து சேருவார்கள், ஒரு சொல்லுச் சிங்களம் தெரியாமல். பங்குப் பாடசாலை மண்டபத்தில் ஒரு மேசையைப் போட்டு, ஒரு வக்கீலும் நாங்கள் மூன்று நாலு பேரும் இருந்தோம். தாய்மாரோடு பொலிசுக்குப் போவது என் வேலை. எனக்கு ஒரு சட்டம் இருந்தது. எழுதின கடதாசி எதுவானாலும் அவர்கள் அதை எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும், நான் அதைத் தாய்க்குத் தமிழில் சொல்ல வேண்டும், பிறகுதான் கையெழுத்து. பொலிஸ்காரருக்கு என்னைக் கண்டாலே எரிச்சல். எனக்கு "ட்ரங்கோல் நோனா", ட்ரங்கோல் அம்மணி, என்று பட்டம் வைத்திருந்தார்கள்.

ஆன்மீகத்தில் நான் மளமளவென்று வளர்ந்துகொண்டிருப்பதாக அப்போது எனக்கு எண்ணம். கொப்பி ஒன்று வைத்து அன்றன்றைய பரித்தியாகத்தை எழுதினேன். வேதக்காரர் அல்லாதவர்களுக்குச் சொல்ல வேண்டும்: பரித்தியாகம் என்றால் நாமாக விரும்பி ஒரு சுகத்தை விட்டுவிட்டு, அல்லது வந்த கஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டு, அதை இன்னொருவருக்காக ஆண்டவரிடம் கொடுப்பது. சின்ன வயதிலிருந்தே பழக்கியிருப்பார்கள். சீனி இல்லாத தேத்தண்ணி, மச்சாளின் பேச்சுக்குப் பதில் பேசாதது, ஃபேன் போடாத மத்தியானம். அந்த ஃபேன் பரித்தியாகத்தில் தானும் சேர்ந்து வெந்ததாக இவர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

யோகம் என்ற தாய் எங்கள் மேசைக்கு வந்தது தவக்காலம் தொடங்க ஒரு மாதத்துக்கு முன். பருத்தித்துறைப் பக்கம். புருஷன் இல்லை. ஒரே மகன் குகன், பத்தொன்பது வயது, கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் பிடிபட்டவன். இவள் வெள்ளவத்தையில் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் ஒரு அறையில் இருந்துகொண்டு, தினமும் காலையில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு பஸ் ஏறி என்னிடம் வருவாள். முதல் நாளே என்னை அக்கா என்றாள். எனக்குப் பிள்ளைகள் இல்லை, தங்கச்சியும் இல்லை. அவள் கூப்பிட்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது.

தவக்காலத்தின் இரண்டாம் வெள்ளியன்று பொலிஸ் வாசலில் மூன்று மணித்தியாலம் நின்றோம். கடைசியில் ஒருவன் வந்து, பெடியனை வேறு இடத்துக்கு மாற்றியாயிற்று, எங்கே என்று தெரியாது என்றான். நான் அதைத் தமிழில் சொன்னதும் யோகம் அப்படியே றோட்டில் இருந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் கட்டி கையில் தட்டுப்பட்டது. இடது மார்பின் மேல்பக்கம், கடலை அளவு. அமத்தினால் நோகவில்லை. நோகாத கட்டிக்குத்தான் கூடப் பயப்பட வேண்டும் என்று பிறகு டொக்டர் சொன்னார். எனக்கு அது தெரியாது என்று எழுதினால் பொய். என் சின்னம்மா இதே நோயில்தான் செத்தார்.

தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது கட்டியும் குகனும் மனதில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. ஆண்டவரே, குகன் வெளியே வருகிற வரைக்கும் இதை ஒரு டொக்டருக்கும் காட்டமாட்டேன், வீட்டிலும் சொல்லமாட்டேன், இதை எடுத்துக்கொண்டு அந்தப் பிள்ளையை விட்டுவிடும். அவ்வளவுதான். கொப்பியில் "கு" என்று ஒரு எழுத்து மட்டும் எழுதினேன். மனதில் ஒரு பெரிய சமாதானம் வந்தது. அந்தச் சமாதானத்தைப் பரிசுத்த ஆவி தந்தது என்று பதினொரு மாதம் நம்பினேன். ஒளிந்துகொள்ள இடம் கிடைத்த ஒருத்தியின் நிம்மதி அது என்று இப்போது தெரிகிறது. டொக்டரிடம் சட்டையைக் கழற்றப் பயம், மார்பை வெட்டிவிடுவார்கள் என்ற பயம், சின்னம்மாவின் கடைசி நாட்களை நினைத்துப் பயம். அந்தப் பயத்துக்கு மேலே பக்தியைப் போட்டு மூடினேன்.

பாஸ்காவுக்குள் கட்டி எலுமிச்சங்காய் அளவானது. வேளாங்கண்ணித் திருநாளுக்குள் தோல் உள்ளே இழுபட்டு, ஒறேஞ்சுத் தோல் மாதிரிப் புள்ளி புள்ளியானது. மார்கழியில் நத்தார் வரும்போது அது உடைந்து நீர் வரத் தொடங்கியது. பஞ்சு வைத்து, பழைய வேட்டித் துணியை மடித்துக் கட்டி, மேலே ஓடிக்கொலோன் தெளித்தேன். "இந்த வயசில யாருக்கு இந்த சென்ட்?" என்று இவர் பகிடி பண்ணினார். தரையில் பாயில் படுப்பதும் பரித்தியாகம் என்று சொல்லித் தனியே படுத்தேன். அவர் அதையும் நம்பினார். நாற்பது வருடம் பொய் சொல்லாத பெண்சாதியை எந்த மனிதன்தான் சந்தேகப்படுவான்?

முதன்முதலாக அதைப் பார்த்தது ஒரு பொலிஸ்காரி. வத்தளையில் இவருடைய தங்கச்சி மகளின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். பரிசுப் பார்சலோடு பஸ்ஸில் போனோம். களனிப் பாலத்துக்கிட்டே செக்பொயின்டில் எல்லோரையும் இறக்கினார்கள். பெண்களைச் சாக்கு மறைப்புக்குள் அனுப்பித் தடவிப் பார்ப்பார்கள். அந்தப் பிள்ளையின் கை என் நெஞ்சில் பட்டதும் நின்றது. கட்டியும் துணியும் பஞ்சும் சேர்ந்து கல்லுப் போல இருந்திருக்கும். பெண்கள் உடம்பில் குண்டு கட்டிக்கொண்டு வந்த காலம். அவள் இரண்டடி பின்னால் போய், "நெஞ்சில என்ன கட்டியிருக்கு?" என்று சிங்களத்தில் கத்தினாள். வெளியே துவக்கு லோட் பண்ணுகிற சத்தம் கேட்டது. நான் கையை மேலே தூக்கிக்கொண்டு, "வருத்தம் மகள், நோய்" என்றேன். பிறகு ஊக்குகளைக் கழற்றித் துணியை எடுத்துக் காட்டினேன்.

அவளுக்கு இருபத்தொரு வயதுகூட இராது. மணம் அடித்ததும் வாயைப் பொத்தினாள்.  பிறகு துவக்கைச் சாய்த்து வைத்துவிட்டு, தானே ஊக்குகளைப் பூட்டிவிட்டாள். "டொக்டருக்குக் காட்டினீங்களா அம்மா?" என்றாள். இல்லை என்றேன். அவள் வெளியே போய், பார்சலோடு நின்ற இவரிடம், "ஐயா, உங்கட நோனாவ இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்று சொல்லி, ஏன் என்பதையும் சொன்னாள். இவர் என் கையைப் பிடித்து றோட்டின் மற்றப் பக்கம் கூட்டிப்போய், கொழும்புக்குத் திரும்புகிற பஸ்ஸை மறித்தார். ஏறி இருந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"பொலிஸ்காரி சொல்லித்தானா பிலோ, எனக்குத் தெரிய வேணும்?"



கொழும்பில் மகரகம என்று ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், என்ன நோய் என்று விளங்கிவிடும். நாங்கள் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டர் பார்த்துவிட்டு, எவ்வளவு காலம் என்று கேட்டார். இரண்டு மாதம் என்றேன். அவர் பேனையை வைத்தார். "அம்மா, இரண்டு மாதத்தில் இப்படி வராது." பதினொரு மாதம் என்றேன். ஏன் என்று கேட்டார். அவர் பௌத்தர், அந்த ஏனுக்கு விளக்கம் சொல்ல எனக்கு மூன்று பாஷையிலும் வார்த்தை வரவில்லை. 

பிறகு சோதனைகள். மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் விட்டுக் கொஞ்சம் கலங்களை உறிஞ்சிக் கண்ணாடித் துண்டில் பூசிப் பார்ப்பார்கள். ஊசி நோவைவிட, மறுமொழி வரும்வரை இருக்கிற ஒரு கிழமைதான் நோவு. நெஞ்சுக்கு எக்ஸ்றே, ஈரலுக்கு ஸ்கான். ஸ்டேஜ் என்று ஒன்று சொல்வார்கள், நோய் எவ்வளவு தூரம் போய்விட்டது என்பதற்கு. கடலை அளவில் போயிருந்தால் ஒன்று. எனக்கு மூன்று, அதிலும் பிந்தின மூன்று. நாலுக்கு மேலே எண் இல்லை.

வாங்கில் காத்திருக்கும்போது பக்கத்தில் ஒரு சிங்களப் பெண்மணி, அவருக்கும் அதே நோய். மகன் ஆமியில், வடக்கில். கடிதம் வந்து இரண்டு மாதம் என்றார். நான் கோயிலுக்குப் போகிற ஆள் என்று தெரிந்ததும், என் மகனுக்கும் சேர்த்துச் செபியுங்கள் என்று என் மடியில் கையை வைத்தார். எனக்கு உடனே கொப்பியில் "கு"வுக்குப் பக்கத்தில் இன்னொரு எழுத்து எழுத ஆசை வந்தது. இவ்வளவுக்குப் பிறகும். என் புத்தியைப் பாருங்கள்.

ஆபரேஷனுக்குப் புதன்கிழமை நாள் குறித்தார்கள். செவ்வாய் பின்னேரம், நோயாளரைப் பார்க்க விடுகிற நேரத்தில் யோகம் ஓடி வந்தாள். குகன் தங்கியிருந்த லொட்ஜ்க்காரரிடம் பொலிஸ் சொல்லி அனுப்பியிருக்கிறது: தாய் நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும், கொடுத்தால் பெடியனின் ஃபைலை முடித்துவிடலாம். வக்கீல் வவுனியாவில், வெள்ளிதான் வருவார். எங்கள் மேசையில் சிங்களம் வாசிக்கத் தெரிந்த மற்ற ஆள் வேளாங்கண்ணிக்கு யாத்திரை போயிருந்தார். இவருக்குச் சிங்களம் பேசத்தான் வரும், எழுத்து வாசிக்க வராது.

நான் வாட்டு டொக்டரிடம் போய் இரண்டு நாள் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன். "புண்ணில இரத்தம் கசியத் தொடங்கிட்டு. இந்த முறைய விட்டா அடுத்தது மூணு கிழமைக்குப் பிறகு. பதினொரு மாசம் நீங்க விளையாடினது போதும்" என்றார் அந்தப் பிள்ளை. கடலை அளவில் காட்டியிருந்தால் அந்தப் புதன்கிழமை நான் எங்கே இருந்திருப்பேன் என்பதை அப்போதே கணக்குப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

"காய்ச்சல் எண்டு சொல்லி வெள்ளி வரைக்கும் தள்ளிப் போடு யோகம்," என்றேன்.

"வராட்டி பூசாத் தடுப்பு முகாமுக்கு அனுப்பிப் போடுவினமாம் அக்கா. என்னெண்டு நான் போகாமல் விடுறது?"

ஒரு துண்டில் சிங்களத்தில் எழுதிக் கொடுத்தேன்: எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது, தமிழில் சொன்ன பிறகே கையெழுத்து வைப்பேன். அதைக் காட்டச் சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். அடுத்த நாள் கத்திக்குப் போகிற பயம், அவள் முகத்தில் இருந்த பயம், இரண்டையும் ஒன்றாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

"உனக்கு ஒன்னு சொல்றேன் யோகம். ஒருத்தருக்கும் சொல்லாதது," என்று தொடங்கி, கட்டி கண்ட நாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். "இத நான் குகனுக்காகத்தான் வச்சிருந்தேன். நாளைக்கு என்னை வெட்டுறாங்க, நாளைக்கே உன்னைக் கூப்பிட்டிருக்காங்க. ஆண்டவர் எடுத்துக்கொண்டார் போலதான் எனக்கு இருக்கு."

அவள் கட்டிலின் கால்மாட்டில் இருந்து என் காலைப் பிடித்து அழுதாள். போகும்போது அவள் முகம் தெளிந்திருந்தது. அந்தத் தெளிவைக் கொடுத்தவள் நான் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதும்போது எனக்குக் கூசுகிறது.

மார்பை முழுதாக எடுத்து, அக்குளிலிருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். நெறிக்கட்டி என்பது உடம்பின் நீர் வடிந்து போகிற வழியில் இருக்கிற சின்ன முடிச்சு, நோய் பரவும்போது முதலில் அங்கேதான் தங்கும். எனக்கு அநேகமாக எல்லாவற்றிலும் தங்கியிருந்தது. வெட்டின இடத்தில் ஊறுகிற நீரை எடுக்க ஒரு றப்பர்க் குழாய், அதன் முனையில் போத்தல். கக்கூசுக்குப் போனாலும் போத்தலையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இதுவரை ஊசியில் நூல் கோர்த்தறியாத இவர், தலையணை உறையை வெட்டி, அந்தப் போத்தலைப் போட்டுத் தோளில் மாட்ட ஒரு பை தைத்துக்கொண்டு வந்தார். தையல் எல்லாம் பாம்பு போல வளைந்து கிடந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ், வழியில் எத்தனை செக்பொயின்ட், தினமும் ஃபிளாஸ்கில் சூப். இடது கை மேலே வராததால் என் தலையை இழுத்துக் கட்ட முடியவில்லை. அத்தனை பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவர் சீப்பை எடுத்து என் தலையை வாரிவிட்டார். நர்ஸ் மிஸிமார் சிரித்தார்கள். பஸ்ஸில் கேட்ட கேள்வியை அவர் திரும்பக் கேட்கவே இல்லை.

சனிக்கிழமை யோகம் வந்தாள். கையில் பிள்ளையார் கோயில் பிரசாதம், முகம் நிறையச் சிரிப்பு.

"அக்கா, எல்லாம் முடிஞ்சுது. சைன் வச்சிட்டன். இந்தக் கிழமைக்குள்ள விடுவினமாம்."

"தமிழ்ல சொன்னாங்களா?"

"இல்லையக்கா. உங்கட துண்டை எடுக்கவே தேவை வரேல்லை. இவ்வளவு நாளும் நாயைத் துரத்துற மாதிரித் துரத்தினவங்கள், அண்டைக்குக் கதிரை போட்டு, அம்மா எண்டு கூப்பிட்டு, தேத்தண்ணியும் தந்தவங்கள். எனக்குக் கண்ணால தண்ணி வந்திட்டுது. நீங்கள் ஒப்புக்கொடுத்தது பலிச்சிட்டுது எண்டு நினைச்சன். யோசிக்காமல் வச்சிட்டன்."

எத்தனை பக்கம் என்று கேட்டேன். நாலு என்றாள். பங்கு மேசையில் இருக்கிற பெண்களுக்கும் என் பரித்தியாகத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் வருகிறாளாம், எல்லோரும் அழுதார்களாம். என் பிரார்த்தனையில் எனக்கே அவ்வளவு நம்பிக்கை இல்லை. வேறு சாமியைக் கும்பிடுகிற அவளுக்கு இருந்தது. அந்த நம்பிக்கையில்தான் அவள் பேனையை எடுத்தாள்.  

ஞாயிறு பின்னேரம் எங்கள் பங்குப் பாதர் நற்கருணை கொண்டு வந்தார். நான் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்றேன். ஒரு மறைப்புத் துணிக்குப் பின்னால் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். எப்போதும் நறுக்கென்று ஏதாவது சொல்லுகிற மனிதர் நெற்றியைத் தேய்த்தார். "நீங்கள் என்னிடம் ஒரு நாள் கேட்டிருக்கலாம், பிலோமினா" என்றார். பிறகு பாவப் பொறுத்தல் தந்தார். பாவம் போயிருக்கும். நாலு பக்கத்திலும் யோகத்தின் கையெழுத்து அப்படியே இருந்தது.

குகனை விடவில்லை. வக்கீல் அலைந்து திரிந்து வாக்குமூலத்தின் பிரதியை எடுத்து, நான் வீட்டுக்கு வந்த பிறகு கொண்டுவந்து காட்டினார். நான் அதை மூன்று தரம் வாசித்தேன். தன் மகன் ஐந்து மாதம் காட்டில் பயிற்சி எடுத்தவன், அங்கிருந்து வந்தவனைத் தானே கொழும்புக்கு அனுப்பி ஒளித்து வைத்தேன் என்று தாய் சொல்கிறாள். அந்த ஐந்து மாதமும் பெடியன் மஞ்சட்காமாலையில் கிடந்தவன். "மற்றவர்கள் சொன்னதென்றால் உடைக்கலாம். பெற்ற தாயே சொன்னதாக இருக்கே," என்றார் வக்கீல். "ஒரு அரை மணித்தியாலம் வாசித்துச் சொல்ல ஆள் இருந்திருந்தால்," என்று தொடங்கி என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். யோகத்துக்கு இன்னும் சொல்லவில்லை, நீங்கள் சொன்னால் நல்லது என்று கேட்டுக்கொண்டு போனார்.

கதிர்ச் சிகிச்சைக்கு யோகம்தான் என்னோடு மகரகமவுக்கு வந்தாள், இவருக்கு முழங்கால் வீங்கியதால். கதிர்ச் சிகிச்சை நோகாது. நெஞ்சில் ஊதா மையால் கோடு கீறி, அழித்துவிடக் கூடாது என்று சொல்லி, தனியே ஒரு அறையில் படுக்க வைத்துக் கதவைப் பூட்டுவார்கள். கண்ணுக்குத் தெரியாத கதிர் மிச்சமிருக்கிற கலங்களை எரிக்கும். ஐந்து கிழமை, ஞாயிறும் சனியும் தவிர. மூன்றாம் நாள் வாங்கில் இருக்கும்போது சொன்னேன். நாலு பக்கத்தையும் வரிவரியாகத் தமிழில் சொன்னேன்.

யோகம் அழுவாள் என்று நினைத்தேன். அவள் தன் கையைப் பார்த்தாள், கையெழுத்து வைத்த கையை.

"உங்களை ஆர் அக்கா கேட்டது?" என்றாள். சத்தம் போடவில்லை. "விரதம் பிடிக்க எனக்குத் தெரியும். தேங்காய் உடைக்கவும் தெரியும். என்ரை பிள்ளைக்காகச் சாகச் சொன்னாலும் நான் செத்திருப்பன். எனக்குச் சிங்களம்தான் அக்கா தெரியாது."

என் நம்பரைக் கூப்பிட்டார்கள். அவள் எழும்பி என் பையைத் தூக்கிக்கொண்டு கதவுவரை வந்தாள். உள்ளே படுத்திருந்த அந்தச் சில நிமிடமும் நான் செபிக்கவில்லை. செபிக்கப் பயமாக இருந்தது. இப்போதும் கோயிலில் நற்கருணைக்கு முன்னால் இருந்தால், கேட்க வாய் வருவதில்லை. முழங்காலில் நிற்கிறேன், எழும்பி வருகிறேன். வளர்ச்சி என்று நான் கொப்பியில் எழுதினதெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆண்டவர் இருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் முகத்தைப் பார்க்கத்தான் வெட்கமாக இருக்கிறது.

இவ்வளவும் எழுதிவிட்டு இரண்டு நாள் நிறுத்தினேன். முதுகுத்தண்டில் புதிதாக ஒரு நோவு. கண்ட அன்றைக்கே இவரிடம் சொன்னேன். அவர் "நல்லது, சொன்னாயே" என்றார். டொக்டர் எலும்புக்கு ஸ்கான் எழுதியிருக்கிறார். எலும்பிலும் போயிருந்தால் அதுதான் நாலு.  ஸ்கான் வருகிற கிழமை.

நேற்று நீதிமன்றத்தில் குகனின் வழக்கு. இவர் ஒரு பக்கம், யோகம் மறு பக்கம் பிடித்து என்னை வாங்கில் இருத்தினார்கள். கோட்டு மொழிபெயர்ப்பாளர் அன்று வரவில்லை. குகனை விலங்கோடு கொண்டுவந்தார்கள். நான் இந்த ஒரு வருடமாக ஒப்புக்கொடுத்துக்கொண்டிருந்த பிள்ளையை முதன்முதலாகக் கண்டேன். மெலிந்து, ஒரு காதில் கேட்கவில்லைப் போலும், யாராவது பேசினால் தலையைச் சாய்த்தான். தாயைப் பார்த்துச் சிரித்தான். நீதவான் ஃபைலைத் திறந்து, பார்த்து, அரை நிமிடம் வேகமாகச் சிங்களத்தில் சொல்லி மூடினார். விலங்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

யோகம் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வழக்கை மேல் கோட்டுக்கு அனுப்புறாங்க யோகம். உன்ட வாக்குமூலத்தையும் சேர்த்து. அது முடியிற வரைக்கும் உள்ளுக்குத்தான். எவ்வளவு காலம் எண்டு சொல்லல்ல."

"வேற ஒண்டும் சொல்லேல்லையோ அக்கா?"

ஏதாவது ஒன்று சேர்த்துச் சொல்ல நாக்குத் துடித்தது. ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்றாவது.

"இல்ல யோகம். அவ்வளவுதான் சொன்னார்."